படங்கின் மேல் பனி

ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்துக்கு என்னையும் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. தலை நரைக்கவில்லை, ஓய்வூதியமும் இல்லை. ஆனாலும் அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றவள்தான். வேறு வேலைக்குப் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மையாக இருக்காது.

கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலில் ஆபத்தான கட்டடங்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். இப்போது பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். போன கிழமை, அந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இல்ஃபோர்டில் ஒரு கோப்பிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய தட்டைக் கூரைகளில் இனி உணர்கருவி பூட்டப் போகிறார்களாம். பனியின் பாரம் நேரே போனுக்கே வந்துவிடுமாம்.

"அக்கா, முந்தி நீங்கள் என்னெண்டு அளந்தனீங்கள்? ரூலரைக் குத்திப் பாக்கிறதுதானே?" என்றான் ஒருவன்.

"ஓம், ரூலரைத்தான் குத்தினனாங்கள்," என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படித்தது, பயிற்சி எடுத்தது எல்லாம் ஒரு பந்தியில் முடிந்துவிடும். பட்டம் எடுத்துவிட்டு இரண்டு கம்பனிகளில் கணினிக்கு முன்னால் இருந்து பார்த்தேன். எனக்கு இருப்புக் கொள்ளாது. சுவரைத் தொட்டுப் பார்க்கிற வேலை வேண்டும் என்று கவுன்சிலுக்கு வந்தேன். கார் இடித்த மதில், சாய்ந்த புகைபோக்கி, பக்கத்து வீட்டுக்காரர் இரவோடு இரவாகத் தோண்டிய நிலக்கீழ் அறை. யாராவது அழைத்தால் முதல் ஆளாக ஜாக்கெட்டைப் போடுகிறவள் நான்தான். பயம் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

என் மேலதிகாரி மிஸிஸ் ஹார்ப்பர். மெல்லிய உருவம், எப்போதும் ஒரே சாம்பல் நிற மழைக்கோட்டு. குரலை உயர்த்தியதே கிடையாது. நீங்கள் பதறிக்கொண்டு போனில் கூப்பிட்டால், மூச்சு அடங்கும் வரை அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது. பிறகு மூன்றே கேள்விகள். என்ன பார்த்தாய்? என்ன அளந்தாய்? எதை ஊகிக்கிறாய்? இந்த மூன்றையும் கலந்து சொன்னால், பிழை என்றுகூடச் சொல்லமாட்டார். திரும்பவும் முதலாவது கேள்வியிலிருந்து தொடங்குவார். அந்த நேரத்தில் போனை எறியவேண்டும் போல இருக்கும்.

அவர் ஆளுக்கு ஆள் சொல்லித் தந்த ஒரு பழக்கம் உண்டு. கட்டடத்துக்குள் நுழைந்ததும் மேலே பார்க்காதே. கதவைத் திறந்து மூடு. தொங்குகிற கூரையை அலங்காரக் கூரை மறைத்துவிடும். ஆனால் வளைந்த விட்டம் கதவு நிலையை அழுத்தும். நேற்று வரை விரலால் தள்ளுப்பட்ட கதவு இன்று தோளைக் கேட்டால், மேலே ஏதோ கீழே வரத் தொடங்கிவிட்டது.

பனியை அளப்பதும் அவர் காட்டியதுதான். ரூலர் ஆழத்தை மட்டும் சொல்லும். ஆழத்தை நம்பினால் ஆள் சாகும். நேற்று இரவு விழுந்த பஞ்சுப் பனி முழங்கால் வரை கிடந்தாலும் பாரம் குறைவு. காற்று அடித்து இறுக்கிய பனி அதில் பாதி ஆழத்திலேயே இரண்டு மடங்கு பாரம். தண்ணீர் ஊறிய பனி என்றால் கேட்கவே வேண்டாம். அதற்கென்று எங்களிடம் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது, ஒரு கை நீளம், வாயில் பல்லு வெட்டியது. அதைச் செங்குத்தாகப் பனிக்குள் இறக்கவேண்டும், கூரைப் பரப்பில் தட்டும் வரை. அடியில் தகட்டைச் செருகி, பனி சிந்தாமல் தூக்கி, வில் தராசில் கொழுவ வேண்டும். அந்த நிறையிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கணக்கு வரும். குறைந்தது மூன்று இடம்: காற்று வருகிற ஓரம், நடு, காற்று போய் முட்டுகிற சுவரடி. அளக்கிறேன் என்று கூரையில் ஏறக்கூடாது. உன் நிறையும் பாரம்தான். எட்டும் இடத்தில் அளந்துகொள், எட்டாத இடத்தை எட்டாத இடம் என்றே சொல்லு.

இனி அந்த நாள்.

கிழக்கிலிருந்து வந்த காற்று அது. காலையில் செவன் கிங்ஸில் என் வீட்டு ஜன்னலால் பார்த்தபோது எதிர் வீடு இல்லை. பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எலிசபெத் லைன் ரயில் ஓடவில்லை. பெருந்தெருவில் பஸ்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மத்தியானம் போன் வந்தது. இல்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், உள்ளே நூற்றுக்கு மேலே சனம், கூரையில் சத்தம் கேட்கிறதாம். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, அது எப்போது வந்து சேரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

குழாயையும் தராசையும் முதுகில் கட்டிக்கொண்டு போனேன். ஒரு கையால் மதில்களைத் தடவித் தடவித்தான் நடந்தேன். கண்ணிமை ஒட்டிக்கொண்டது. எனக்குப் பழகிய தெரு, எந்தத் திருப்பத்தில் எந்தக் கடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஆனால் நடுவழியில் நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்றே தெரியாமல் போனது. அதுதான் முதல் பயம்.

மண்டபம் முன்பு ஒரு தளபாடக் களஞ்சியமாக இருந்தது. தட்டைக் கூரை. பின்பக்கச் சுவரோடு ஒட்டி இரண்டு மாடி உயரத்தில் இன்னொரு கட்டடம். கிழக்கிலிருந்து வருகிற பனி முழுவதும் தாழ்ந்த கூரையால் ஓடி, போய் முட்டி நிற்கிற இடம் அந்தச் சுவர்தான்.

உள்ளே போனால் வேறு உலகம். வெப்பம், சாம்பிராணி, தவில் ஒரு மூலையில், பிள்ளைகள் நாற்காலிகளுக்கு நடுவில் ஓடுகிறார்கள். கடதாசிப் பூவும் வெள்ளைத் துணியும் மேலே எல்லாவற்றையும் மூடியிருந்தன. மண்டப முகாமையாளர் ரவி அண்ணை என்னை எதிர்கொண்டார். ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்.

"கவுன்சிலாலை ஆள் வரும் எண்டினம். நீரோ பிள்ளை?"

"நான்தான் அண்ணை. என்ன சத்தம் கேட்டது?"

"மேலை ஏதோ முறிஞ்ச மாதிரி. பிறகு ஒரு சீலிங் துண்டு வந்து அப்பளத் தட்டுக்குள்ளை விழுந்தது. அப்பளம்தான் நொறுங்கினது, வேறை சேதமில்லை."

நான் சிரிக்கவில்லை. சமையலறைக் கதவைத் தள்ளினேன். வரவில்லை. ரவி அண்ணை தோளால் இடித்துத் திறந்தார். "காலமையிலை இருந்து இறுகிப்போச்சு. குளிருக்கு மரம் தடிச்சிருக்கும்." நடுப்பகுதியில் சாமான் அறைக் கதவு மூடவே இல்லை, மேல் விளிம்பு நிலையில் கடித்துக்கொண்டு நின்றது. குளிருக்கு மரம் சுருங்குமே தவிரத் தடிக்காது என்று எனக்குத் தெரியும்.

அப்போது கல்யாணப் பெண்ணின் அப்பா வந்தார். தயாபரன், பட்டு வேட்டிக்கு மேலே தடித்த ஜம்பர். "தங்கச்சி, கெதியாப் பாத்திட்டுப் போம். எங்களுக்கு ஐயர் இன்னும் வரேல்லை. மோர்டனிலை நிக்கிறார், லண்டனின்ரை மற்றக் கரை. ஆற்றையோ ஜீப்பிலை வெளிக்கிட்டிட்டன் எண்டவர்."

"இந்த ஸ்னோவுக்குள்ளையோ?"

"நல்ல நேரம் இன்னும் கிடக்கு."

முன்பக்கம் ஏணி வைத்து, கூரை ஓரத்தில் முதல் அளவை எடுத்தேன். கணுக்கால் ஆழம், பாரம் குறைவு. மனம் கொஞ்சம் ஆறியது. பிறகு பின்பக்க உயர்ந்த கட்டடத்தின் இரும்புத் தீப்படிகளில் ஏறினேன். ஒரு கை கம்பியில். மற்றக் கையில் குழாய், அதற்கு நீளக் கைபிடி பூட்டியிருந்தேன். காற்று என்னைப் படியிலிருந்து பிய்க்கப் பார்த்தது. கீழே சுவரடியில் பனி என் தொடையளவுக்கு மேடாக ஏறிக் கிடந்தது. குழாய் முதலில் லேசாக இறங்கியது, பிறகு இறுக்கமாக, பிறகு திடீரென்று வழுக்கிக்கொண்டு போனது. தூக்கினேன். அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. குழாயின் பல்லில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாய்த் துண்டு.

கீழே இறங்கி ரவி அண்ணையிடம் காட்டினேன்.

"இது நான் கட்டின படங்கு," என்றார், ஒரு பெருமையோடு. "போன மாதம் ஒழுகினது. கூரைக்காரன் பிறகு வாறன் எண்டான். நான் விடுவனே? முழுக் கூரைக்கும் படங்கு இழுத்து, ஓரம் முழுக்க மண் மூட்டை அடுக்கிக் கட்டினனான். வன்னியிலை எத்தினை மழை படங்குக்குக் கீழை கிடந்தனாங்கள். ஒரு துளி இறங்காது."

ஒரு துளியும் இறங்காது. அதுதான் ஆபத்து. மண்டபத்தின் வெப்பம் பனியை அடியிலிருந்து உருக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் போகவேண்டிய வாய்க்கால்களை எல்லாம் படங்கு மூடியிருந்தது. ஓரத்து மண் மூட்டைகள் அணை போல மறித்தன. கூரையின் மேலே ஒரு குளம், குளத்தின் மேலே பனி. தராசைப் பார்த்தேன். சுவரடியில் அந்தக் கூரை தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கு மேலே. ஓரத்தில் ஒன்றுமில்லை. நடுப்பகுதி எனக்கு எட்டவில்லை. விட்டங்கள் வளைவது நடுவில்தான், சனம் இருப்பதும் நடுவில்தான்.

மிஸிஸ் ஹார்ப்பரைக் கூப்பிட்டேன். வழக்கம் போல என் மூச்சு அடங்கும் வரை காத்திருந்தார்.

"என்ன பார்த்தாய்?"

"இரண்டு கதவு கடிக்கிறது. சீலிங் துண்டு ஒன்று விழுந்திருக்கிறது."

"என்ன அளந்தாய்?"

இரண்டு எண்ணையும் சொன்னேன்.

"நடுவில்?"

"எட்டவில்லை. ஊகம்தான்." ஊகத்தைச் சொன்னேன். அது பெரிய எண்.

"வெளியே எப்படி?"

"இப்படியே அனுப்பினால் வயது போனவர்கள் தாங்கமாட்டார்கள். கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். உள்ளே விட்டால்…"

"நான் அந்தக் கூரைக்குக் கீழே இல்லை," என்றார், மெதுவாக. "நீதான் நிற்கிறாய். உன் முடிவு என் முடிவு. சொல்லு, எழுதிக்கொள்கிறேன்."

அந்த நிமிடத்தை என்னால் வேறு எதனோடும் ஒப்பிட முடியவில்லை. என் ஊகம் பிழை என்றால், நல்ல சூடான மண்டபத்திலிருந்து ஒரு கல்யாணத்தைப் பனிப்புயலுக்குள் துரத்தியவள் நான். ஊகம் சரி என்றால், நான் யோசிக்கிற ஒவ்வொரு நொடியும் அவர்கள் தலைக்கு மேலே ஊறிக்கொண்டிருக்கிறது.

"வெளியேற்றுகிறேன்," என்றேன்.

எங்கே? பெருந்தெருவில் பனியில் மாட்டிய இரண்டு மாடி பஸ்கள் இரண்டு மண்டபத்துக்கு நேர் முன்னால் நின்றன, என்ஜின் ஓடிக்கொண்டு. முதல் பஸ்ஸின் கதவைத் தட்டினேன். ஓட்டுநர் ஒரு கானா நாட்டுப் பெண்மணி. விஷயத்தைக் கேட்டார்.

"எத்தனை பேர்?"

"ஒரு கல்யாணம் முழுக்க."

"மேளமும் வருமா?"

"வரும்."

"அப்படியென்றால் மேளக்காரர் என் பஸ்ஸுக்கு," என்று கதவைத் திறந்தார்.

மண்டபத்துக்குள் அறிவித்தபோது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. தயாபரன் என் முன்னால் வந்து நின்றார். "என்ன கதை கதைக்கிறீர்? இஞ்சை கூரை இருக்கு. வெளியிலை ஒண்டுமில்லை. குண்டுக்குள்ளை ஓடின ஆக்கள் நாங்கள், எங்களை ஸ்னோவுக்கு ஓடச் சொல்லுறீரோ?"

"அண்ணை, கூரைதான் பிரச்சினை."

"விழுமெண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகென்ன!"

மணவறைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் எழும்பினாள். கையில் சேலைக் கொசுவம், காலில் பனிக்குப் போடுகிற சப்பாத்து. "அப்பா, இந்த அக்காவுக்குத் தெரியாதெண்டு சொல்ல ஏலுமாயிருக்கு. தெரியுமெண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன். நான் பஸ்ஸுக்குப் போறன்." நடந்தாள். மாப்பிள்ளை தலைப்பாகையோடு பின்னால் ஓடினார். பிறகு எல்லோரும்.

கையைக் கையைப் பிடித்து ஒரு சங்கிலியாகப் போனோம். யாரோ சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தவில்காரர் தவிலைத் தன் கோட்டால் சுற்றியிருந்தார். கடைசியாக ரவி அண்ணை முன்கதவைப் பூட்டித் திறப்பைக் காட்டினார். "எல்லாம் முடிஞ்சுது."

பஸ்ஸின் கீழ்த்தளத்தில் நின்று மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் மணித்தியாலம் போனது. கூரை அப்படியே நின்றது. தயாபரன் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். "நிக்குதுதானே," என்றார் யாருக்கோ. அது விழுந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது தயாபரனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"தயாபரன், நான் வந்திட்டன்," என்றது ஐயரின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "மண்டபத்துக்குள்ளைதான் நிக்கிறன். ஒருத்தரையும் காணேல்லை. எங்கை போட்டியள்? ஹோமத்துக்குக் கல்லும் அடுக்கிப்போட்டன்."

ரவி அண்ணை கையிலிருந்த திறப்பைப் பார்த்தார். "பின்மூலையிலை, பக்கச் சுவரிலை இருக்கிற பின்கதவைப் பூட்டேல்லை பிள்ளை. ஐயர் எப்பவும் அதாலைதான் வாறவர். வந்தால் வெளியிலை விறைச்சுக்கொண்டு நிக்கப்போறார் எண்டு…"

போனைப் பறித்தேன். "ஐயா, நான் கவுன்சில். கூரை விழப்போகுது. வந்த கதவாலை உடனை வெளியிலை போங்கோ."

காலடிச் சத்தம். இழுக்கிற சத்தம். "இழுபடேல்லை, பிள்ளை. இப்பதானே இதாலை வந்தனான்!"

மணவறை இருந்தது பின்சுவரடியில். அவர் நின்றது நான் அளந்த இடத்துக்கு நேர் கீழே. அந்தக் கதவு அவர் நுழைந்த பிறகு கடித்திருக்கிறது. அதாவது, இப்போது, இந்த நிமிடத்தில், அது கீழே வந்துகொண்டிருக்கிறது.

"ஐயா, நடுவாலை வராதேங்கோ. இடப்பக்கச் சுவரோடை ஒட்டி முன்கதவுக்கு வாங்கோ. ஓடாமல், கெதியா. கதைச்சுக்கொண்டு வாங்கோ, உங்கடை குரல் எனக்குக் கேக்கவேணும்."

ரவி அண்ணையும் நானும் பாய்ந்தோம். பின்னால் கானாப் பெண்மணியும். பனி முகத்தில் மணலாக அடித்தது. பூட்டில் திறப்பு திரும்பியது, கதவு வரவில்லை. மூவரும் தோளால் இடித்தோம். ஒரு சாண் திறந்தது. உள்ளே அரை இருட்டில், வெள்ளைத் துணிகள் மேலே மெல்ல மெல்ல வயிறு வைத்துத் தொங்குவது தெரிந்தது. போனில் ஐயர் கதைத்துக்கொண்டே வந்தார், ஆனால் கதை இல்லை, மந்திரம். கதவிடுக்கில் அவர் முகம் தெரிந்தது. ஆள் கொஞ்சம் பருமன். தோள் வந்தது, கையில் இருந்த பை வரவில்லை.

"பையை விடுங்கோ!"

"மாவிலை கிடக்கு! மோர்டனிலை மட்டும்தான் கிடைச்சது!"

"விடுங்கோ ஐயா!" என்று நான் கத்திய கத்து என் குரலே இல்லை. அவர் விட்டார். இழுத்தோம். நான்கு பேரும் பனிக்குள் விழுந்தோம்.

இடி மாதிரிச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. ஒரு பெரிய மிருகம் மூச்சு விட்டதைப் போல, கதவிடுக்கால் சூடான காற்று எங்கள் மேல் வீசியது. சாம்பிராணி வாசம், தண்ணீர், கடதாசிப் பூக்கள். அதற்குப் பிறகுதான் மரம் முறியும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, பின்சுவரிலிருந்து நடுவுக்கு. பிறகு மண்டபத்துக்குள்ளும் பனி பெய்தது.

ஐயர் எழும்பவில்லை. இருந்தபடியே தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மிஸிஸ் ஹார்ப்பர் நடந்தே வந்தார், அதே மழைக்கோட்டு. இடிந்து கிடந்ததைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "நடுப்பகுதிக்கு உன் ஊகம் என்னவென்றாய்?" சொன்னேன். எழுதிக்கொண்டார். அது சரியா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் இன்றுவரை தெரியாது. விழுந்த பனியை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நல்ல வேலை செய்தாய் என்று அவர் சொல்லவில்லை. போகும்போது என் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுப் போனார்.

இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தேன். ஒவ்வொரு முறை பனி கொட்டும்போதும், ஊரில் எந்தெந்தக் கூரைக்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று மனம் எண்ணத் தொடங்கும். எண்ணி முடியாது. அதனால் விட்டேன். அந்தப் பிள்ளைகளிடம் உணர்கருவி வரட்டும் என்றுதான் சொன்னேன். எனக்கு எட்டாமல் போன நடுப்பகுதி அதற்கு எட்டும். பின்கதவைப் பூட்டாமல் விடுகிற மரியாதை மட்டும் அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் கேட்டு அறியவேண்டும் என்றேன்.

அந்தக் கல்யாணம் கோடையில் செவன் கிங்ஸில் வேறொரு மண்டபத்தில் நடந்தது. எனக்கும் அழைப்பு. வெளியே நல்ல வெயில், பிள்ளைகள் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு நின்றார்கள். ஐயர் மணவறைப் பலகையில் இருக்கப் போனவர், இருக்காமல் அண்ணாந்து பார்த்தார். அவரைப் பார்த்துவிட்டு மேளக்காரர் பார்த்தார்கள். பெண் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தது.

தயாபரன் கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "பிள்ளை," என்றார், அவரது குரல் எல்லோருக்கும் கேட்டது. "இருக்கலாமோ?"

நான் எழும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். மூடினேன். இன்னொரு தரம் திறந்தேன், ஒரு விரலால். மூடினேன்.

"ஓம் அண்ணை. இருங்கோ."

அதற்குப் பிறகுதான் தவில் அடித்தார்கள்.